கட்டாரில சாவு குறைவு எண்டா பயமில்லாமல் அனுப்பலாமோ?

கேள்வி: மகன் கட்டாருக்கு வேலைக்குப் போக வெளிக்கிடுறார். நெட்டில இறப்பு வீதம் பாத்தன். வருசத்துக்கு ஆயிரம் பேரில ஜப்பானில 12க்கு மேல, இலங்கையில 7 அளவில, கட்டாரில 2 கூட இல்ல. அப்ப ஜப்பான் வைத்தியம் எங்கடயை விட மோசமோ? மகனை கட்டாருக்கு பயமில்லாமல் அனுப்பலாமோ?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, நீங்க பாத்த எண்கள் சரி, ஆனா அதை அப்பிடியே பக்கத்தில பக்கத்தில வைக்கக் கூடாது. வெள்ளவத்தையில பிள்ளையள் எல்லாம் கனடா, லண்டன் எண்டு போய் வயசான தாய் தேப்பன் மட்டும் இருக்கிற ஒரு பிளாட்டையும், புறக்கோட்டைக் கடைப் பொடியள் பத்துப் பேர் நெருக்கிப் படுக்கிற ஒரு அறையையும் யோசிச்சுப் பாருங்கோ, செத்தவீடு பிளாட்டில தான் கூட நடக்கும், அதுக்காக பொடியளுக்கு நல்ல வைத்தியம் கிடைக்குது எண்டு ஆரும் சொல்லுவினமோ?

ஜப்பானில 100 பேரில 29 பேர் 65 வயசு தாண்டினவை, இங்க அதில பாதியும் இல்ல. அதால எல்லா நாட்டிலயும் வயசுக்கணக்கு ஒரே மாதிரி இருந்தா எத்தினை பேர் செத்திருப்பினம் எண்டு போட்டுப் பாப்பினம், உலக சுகாதார நிறுவனம் அதுக்கெண்டே ஒரு பொது வயசு அட்டவணை வச்சிருக்கு. அப்பிடிப் போட்டா ஜப்பான் எங்களுக்குக் கீழ இறங்கீடும்.

கட்டாரில இன்னொரு சிக்கல். அங்க இருக்கிறவையில பெரும்பாலும் வெளிநாட்டு ஆக்கள், வேலை செய்யிற வயசு ஆம்பிளையள். வயசை சரிக்கட்டினாலும், மெடிக்கல் பாஸ் பண்ணினவையைத் தானே எடுக்கினம், கிட்னி பழுதாகி ஊருக்குத் திரும்பினவர் இங்க செத்தா அது அங்கத்தைய கணக்கில வராது. வெயிலில வேலை செய்த இளம் ஆக்கள் செத்த நேரம் வடிவா விசாரிக்காமல் "இயற்கை மரணம்" எண்டு எழுதினதையும் மனித உரிமை அமைப்புகள் வெளியில கொண்டு வந்திருக்கு. எனக்கு அதை நினைக்க மனசு ஆறுறேல்ல.

அந்த 2ஐ நம்பி முடிவெடுக்காதேங்கோ அம்மா. மகனுக்கு வெளி வேலையோ உள் வேலையோ எண்டு முதல் கேளுங்கோ. ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை பகல் 10 மணியில இருந்து 3.30 வரை வெயிலில வேலை வாங்க அங்க சட்டத் தடை இருக்கு, அந்தக் கொம்பனி அதைக் கடைப்பிடிக்குதோ எண்டு அங்க இப்ப வேலை செய்யிற ஆரிட்டயாவது விசாரிச்சிட்டு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ.