முடிவைத் தள்ளிப்போடுவதையே அரசியலில் ஓர் உத்தி என்கிறார்களே, எப்படி?

எதிர்க்கவும் செய்யாமல் ஏற்கவும் செய்யாமல் ஒரு விஷயத்தைக் கிடப்பில் போடுவதுதான் இந்த உத்தி. காரணம் எளிது. "முடியாது" என்றால் உடனே கேள்வி வரும், போராட்டம் வரும், யார் சொன்னது என்று பெயரும் வெளியே வரும்; "பரிசீலனையில் இருக்கிறது" என்றால் யாரைப் போய்த் திட்டுவது? கடன் கேட்டவரிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவரே ஒருநாள் கேட்பதை விட்டுவிடுவார் இல்லையா, அதே கதைதான்.

நம் நாட்டு உதாரணம், 1986-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தபால் திருத்த மசோதா. மக்களின் கடிதங்களை அரசு இடைமறித்துப் பார்க்க அது வழி செய்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கையெழுத்துக்கு அரசியல் சாசனத்தின் 111-வது பிரிவு நாள் கணக்கு எதுவும் வைக்கவில்லையே! அப்படியே வைத்திருந்தார், 1987-இல் அவர் பதவிக்காலம் முடிந்தது, மசோதா கடைசிவரை சட்டமாகவே இல்லை.

அப்புறம், தாமதம் என்றாலே சோம்பலோ சதியோ என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை: பிரிட்டனில் பெரும்பாலான மசோதாக்களை நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையால் அடியோடு தடுக்க முடியாது, சுமார் ஓராண்டு தாமதப்படுத்தலாம், அந்த அதிகாரத்தை 1949-ஆம் ஆண்டுச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது.