பழைய ஜாஸ் தட்டு: அமெரிக்க அசலா, ஜப்பான் மறுபதிப்பா?

கேள்வி: பெவர்லி கென்னி என்ற ஜாஸ் பாடகியைத் தற்செயலாக இணையத்தில் கேட்டேன். ஒரு மாதமாக வேறு எதுவும் காதில் ஏறவில்லை. கிதார் கலைஞர் ஜானி ஸ்மித் குழுவோடு அவர் பாடிய முதல் எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) வெளிநாட்டில் இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒன்று அமெரிக்க அசல், நிலை ‘வெரி குட்’. இன்னொன்று ஜப்பான் மறுபதிப்பு, ‘நியர் மின்ட்’ (ஏறக்குறைய புதிது). விலை அசலில் பாதி. எதை வாங்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: கேட்பதற்கு என்றால் யோசிக்காமல் ஜப்பான் தட்டு.

‘வெரி குட்’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். பழைய ரெக்கார்டு வியாபாரத்தில் ‘கோல்ட்மைன்’ பத்திரிகையின் தர வரிசையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ் என்று மூன்று படி இறங்கிய பிறகுதான் வெரி குட் வரும். நியர் மின்ட் விலையில் ஏறக்குறைய கால்வாசிதான் அதன் மதிப்பு. வெறும் ‘குட்’ என்று போட்டிருந்தால் உறையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

பெரிய வாத்தியக் குழு முழங்கும் தட்டில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் டிரம்பெட்டுக்கு அடியில் அமுங்கிவிடும். இது அப்படியில்லை. ஒரு கிதார், அடங்கிய தாளம், காதோரம் பேசுவது போன்ற குரல். இதற்கு நடுவே கடுகு தாளிக்கிற சத்தம் வந்தால் எப்படி இருக்கும்!

கீறலைவிட மோசமானது தேய்மானம். 50களின் பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் கனமான கையும் தேய்ந்த ஊசியுமாக நூறு முறை ஓட்டிய தட்டு, படத்தில் பளபளவென்றுதான் இருக்கும். குரல் ‘ஸ்’, ‘ஷ்’ என்று வரும் இடங்களில் கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தட்டின் நடுப்பகுதியை நெருங்க நெருங்க இது கூடும். அங்கே ஊசிக்கு அடியில், பாட்டு பதிந்திருக்கும் பள்ளம் ஓடும் வேகம் குறைவு. நானும் ஒருமுறை ‘லேசான தேய்மானம்’ என்ற ஒரு வரியை நம்பிப் பணம் அனுப்பி, கடைசிப் பாட்டில் பல்லைக் கடித்தவன்தான். ஆகவே அசல்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறவரை விட்டுவிடலாம்.

கென்னி 1960-இல் இறந்தபோது வயது 28. ரூஸ்ட் நிறுவனத்தில் மூன்று, டெக்காவில் மூன்று, மொத்தம் ஆறே எல்பி. அமெரிக்கா மறந்த பிறகும் ஜப்பான் ரசிகர்கள் அவரை விடவில்லை. அங்கே மறுபதிப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. டெக்கா தட்டுகளைத் தேடும்போது தட்டின் மையத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: கறுப்பில் வெள்ளி எழுத்து என்றால் அந்தக் காலத்தது. நடுவே வானவில் பட்டை ஓடினால் 1960-க்குப் பிறகு அச்சானது.

கேள்வி: இவரைப் போல மறந்துபோன வேறு பாடகிகள் யார்? அசலுக்கெல்லாம் வசதியில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: ஐரீன் க்ரால். 70களில் பியானோ கலைஞர் ஆலன் பிராட்பென்ட்டோடு இவர் பாடிய எல்பியில் டிரம்ஸ்கூடக் கிடையாது, பியானோவும் குரலும்தான். அதற்குள் எடை குறைந்த ஊசிகள் வந்துவிட்டதால், அக்காலத் தட்டுகள் 50களின் தட்டுகள் அளவுக்குத் தேய்ந்திருக்காது. லூசி ஆன் போல்க்கின் எல்பியை வெளியிட்ட மோட் நிறுவனம் 1957 ஒரே வருடத்தோடு மூடிக்கொண்டது. அதை மறுபதிப்பாகவே தேடுங்கள்.

ஷீலா ஜோர்டன் 1962-இல் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ஓர் அருமையான எல்பி பாடினார். அடுத்த தனி எல்பி 1975-இல், அதுவும் ஒரு ஜப்பான் நிறுவனத்துக்காக! இடையில் விளம்பர நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்த்துத்தான் மகளை வளர்த்தார். அந்த முதல் எல்பியின் அசல் நமக்கெல்லாம் எட்டாது.

இன்னொருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்: இலங்கையில் பிறந்த யோலண்ட் பாவன். லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ் இருவரோடு சேர்ந்து பாடிய மூவர் குழுவிலிருந்து ஆனி ராஸ் 1962-இல் விலகியதும் அந்த இடத்துக்கு வந்தவர். ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக மூவரும் பாடிய மூன்று எல்பியும் மேடைப் பதிவுகள். தட்டின் பட்டியல் எண்ணுக்கு முன்னால் எல்பிஎம் என்றிருந்தால் மோனோ (ஒரே தடத்தில் ஒலி), எல்எஸ்பி என்றால் ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்). இரண்டில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் எடுக்கலாம். தவிர்க்க வேண்டியது, 50களின் மோனோ பதிவை ‘எலக்ட்ரானிக்’ முறையில் ஸ்டீரியோவாக்கிப் பின்னாளில் விற்ற தட்டுகளை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தட்டை அட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள்; உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சேரும்.