கண்ணாடியை மூடி வைங்க, கை பாத்துக்கும்

பெண்களை உக்கார வச்சு அவங்க உடம்பை அவங்களே களிமண்ணில் செய்ய வைக்கிறது என் வேலை. வந்த கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன்.

அக்கா, ரெண்டு சிசேரியன் ஆச்சு. வயித்தைத் தொடவே பிடிக்கல. மண்ணு என்ன செஞ்சிடும்?

கண்ணாடியை முதல்ல ஒரு துணி போட்டு மூடுங்கம்மா. தேங்காய் அளவு களிமண்ணை எடுத்து சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு பலகையில் வைங்க. இடது கை வயித்து மேல, வலது கை மண்ணு மேல. கண்ணை மூடிக்கிட்டு, இடது கை எங்க போகுதோ அதையே வலது கை செய்யட்டும். கண்ணு யாரோடயாவது ஒப்பிட்டுத்தான் பாக்கும். விரலுக்கு மேடு, பள்ளம், சூடு இவ்வளவுதான் தெரியும்.

ஒருத்தங்க தழும்பு வந்த இடத்தில் அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் மண்ணை நூல் மாதிரி உருட்டி அங்க ஒட்டினாங்க. அதுக்கு மேல கட்டைவிரலை அமுக்கி, "இங்க தொட்டா எனக்கே தெரியல"ன்னு சொன்னாங்க. ஆபரேஷன்ல நரம்பு அறுபடறதால தழும்பைச் சுத்தி மரத்துப்போறது சகஜம். அஞ்சு வருஷமா அவங்க அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. கிளம்பும்போது தண்ணி தொட்டு அந்த நூலை வழிச்சு எடுத்துட்டாங்க. அடுத்த வாரம் வந்ததும் தீக்குச்சியால அதே இடத்தில் கோடு கீறினாங்க. அவசரமே வேண்டாம், உங்களுக்கும் அப்படித்தான்.

எனக்குக் கைவேலையே வராது. அசிங்கமா வந்துட்டா?

1925-ல, இன்னைக்கு செக் நாட்டில் இருக்கிற மொராவியாவில், தோல்னி வெஸ்தோனித்சேங்கிற இடத்தில் ஒரு சுட்ட மண் பெண் உருவம் கிடைச்சது. உயரம் 11 சென்டிமீட்டர்தான், வயசு 25,000 வருஷத்துக்கு மேல. சரிஞ்ச மார்பு, அகன்ற இடுப்பு, கண்ணுக்கு ரெண்டு கீறல், அவ்வளவுதான் முகம். சுடறதுக்கு முன்னாடி அதைத் தொட்ட ஒரு குழந்தையோட விரல் ரேகை இன்னும் அதில இருக்கு. அந்த மார்பின் சரிவை யாரோ அவ்வளவு கவனமா உருட்டியிருக்காங்க. நீங்களும் உருட்டுங்க.

மார்பகம் எடுத்து ஆறு மாசம் ஆகுது. வரலாமா?

வாங்கம்மா. ஆனா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அக்குள்ல நெறிக்கட்டியும் எடுத்திருந்தா அந்தக் கை வீங்கலாம், அந்தக் கையில வெட்டுக்காயம் படவே கூடாது. அதனால ஈர மண்ணைப் பிசையற வேலை எங்களுடையது, கையுறை போட்டுக்கிட்டு நீங்க உருவம் மட்டும் செய்யுங்க. எந்தப் பக்கத்தைச் செய்யறது, எதை விடறதுன்னு நான் கேக்க மாட்டேன்.

நான் மண்பாண்டம் செய்யற வேளார் வீட்டுப் பொண்ணு. எங்க வீட்ல பொண்ணுங்க சக்கரத்தைத் தொடக் கூடாதுன்னு சொல்லுவாங்க.

பல ஊர்ல இந்த வழக்கம் இருக்கு, எனக்கு அதில் வருத்தம்தான். மண்ணைச் சலிச்சு, ஊறப்போட்டு, மிதிச்சுப் பதப்படுத்தறதெல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் வேற கையில. மானாமதுரைல கச்சேரிக்கு வாசிக்கிற கடத்தைத் தட்டித் தட்டி உருவாக்கின மீனாட்சி கேசவனுக்கு சங்கீத நாடக அகாடமி விருது கிடைச்சுது. எந்த இடம் தடிமன், எந்த இடம் மெலிசுன்னு தட்டுற கைக்குத் தெரியும். அந்தக் கை உங்க வீட்லயும் இருக்கு. உருவம் செய்ய சக்கரமே வேண்டாம், தரையில உக்காந்து செய்யுங்க.

சூளை இல்ல. செஞ்சதை வீட்ல வைக்கவும் கூச்சமா இருக்கு.

சுடணும்னா உள்பக்கத்தை ஸ்பூனால தோண்டி, சுவரை விரல் கனத்துக்குக் கொண்டு வாங்க. கனமா இருந்தா உள்ளே தங்கின ஈரம் ஆவியாகி, சூளைல வெடிச்சிடும். நிழல்ல மெதுவா உலரட்டும்.

வைக்க வேண்டாம்னா நல்லா காஞ்ச பிறகு ஒரு வாளித் தண்ணியில விடுங்க. பாதி ஈரத்தில் போட்டா சரியா கரையாது. காஞ்சதுன்னா குமிழி விட்டுக்கிட்டே உதிர்ந்து குழம்பாயிடும். தெளிஞ்ச தண்ணியை வடிச்சிட்டு, பழைய வேட்டியில பரப்பி வைங்க. பிசையற பதம் வந்ததும் எடுத்துக்கலாம்.