கடித்தது காலில், பட்டது தலையில்

அன்புள்ள ஐயா,

இரத்த நாளங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 'ஊருக்குத் தண்ணீர்க்குழாய் எப்படியோ உடம்புக்கு இரத்த நாளம் அப்படி. அடைத்தால் வறட்சி, வெடித்தால் வெள்ளம்' என்று எழுதியிருந்தீர்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம்.

என் அப்பா பெகுவுக்கு அந்தப் பக்கம் எங்கள் கிராமத்தில் வயல் பார்க்கிறவர். 3 வருஷத்துக்கு முன் கார்த்திகை அறுப்பில் அவரைக் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. 11 நாள் சிறுநீர் இறங்கவில்லை. ரங்கூனுக்குக் கொண்டுவந்து டயாலிசிஸ் செய்து பிழைக்கவைத்தோம். சிறுநீரகம் தேறிவிட்டது. மனிதர்தான் தேறவில்லை. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. பங்குனி வெயிலில் போர்வை கேட்கிறார். சவரமே செய்வதில்லை, கேட்டால் முளைத்தால்தானே என்கிறார். தைராய்டோ என்று டி.எஸ்.எச். பார்த்தோம், நார்மல். விஷம் இன்னும் உள்ளே கிடக்கிறது என்கிறார்கள் ஊரில். அம்மா பீலிக்கான் அங்காள பரமேஸ்வரிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். கடித்தது காலில். சிறுநீரகம் ஏன் நின்றது? இப்போது இது என்ன? உங்கள் கணக்கில் எந்தக் குழாய் அடைத்தது?

ம., ரங்கூன்

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. அப்பாவை இந்த வாரமே ஹார்மோன் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள். 'விரியன் கடித்தவர், பிட்யூட்டரி கெட்டிருக்குமோ' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிட்யூட்டரி என்பது மற்றச் சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் தலைச் சுரப்பி. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் 20 வருஷம் குழாய் ஆட்டியவன். ஆனாலும் தலைசுற்றல், குளிர், முளைக்காத தாடி, இவை மூன்றும் ஒரு விரியன் கடிக்குப் பின்னால் வரிசையாக வந்தால் வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

சரி, குழாய் விஷயம். என் உவமையைக் கவிழ்த்துவிட்டீர்கள். தண்ணீர்க்குழாய்க்கு அது எந்த வீட்டுக்குள் போகிறது என்று தெரியாது. நாளத்துக்குத் தெரியும். மூளைக்குள் நுண்நாளங்களின் சுவர் இடுக்கே இல்லாமல் இறுக்கித் தைத்த மாதிரி இருக்கும். ஈரலில் அதுவே சல்லடை. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்தபோது, ஒரே மருந்து சில துண்டுகளைத் தளர்த்தியது, சிலவற்றை அசைக்கவே இல்லை. அசையாதவை, கையாளும்போது, உட்சுவரில் ஒரே செல் கனத்தில் இருக்கும் உள்வரி உரசிப் போனவை. தளரச் சொல்லும் செய்தி அந்த ஒற்றைச் செல் வரியிலிருந்துதான் வருகிறது. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2001-இல் எலிக் கருக்களில் பார்த்தது இன்னும் விசேஷம்: இரத்தம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நாளச் செல்கள் பக்கத்தில் இருந்தால்தான் ஈரலின் மொட்டு வளர்கிறது. தண்ணீர் வருவதற்கு முன்பே குழாய் வந்து நின்று வீட்டைக் கட்டு என்கிறது!

இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்திருக்கக் கூடாது. தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பாம்புக் கடி என்று வந்தால் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துவிட்டு ஒரு தரம் சாய்ப்போம். நல்ல இரத்தம் கட்டித் தயிர் மாதிரி அப்படியே நிற்கும். விரியன் நஞ்சு ஏறியிருந்தால் ரசம் மாதிரி வழியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தக் குழாய்களைச் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி அடுக்கினேன். கண்ணாடியில் சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல இரத்தமும் உறையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நஞ்சே ஏறாத ஓர் ஆளுக்கு முறிவு மருந்து ஏற்றி, அவர் உடம்பெல்லாம் தடித்து நடுநடுங்கிப் போனார். நல்ல வேளை, பிழைத்தார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரைத் தொட்டால் சில நிமிஷத்தில் உறைகிற இரத்தம், நாளத்துக்குள் 70 வருஷம் உறையாமல் ஓடுகிறது. சும்மா கிடக்கிற சுவரா அது?

விரியன் அந்தச் சுவர் மீதும் இரத்தத்தின் மீதும்தான் கை வைக்கிறது. நஞ்சு, உறைதலைத் தொடங்கிவைக்கும் காரணிகளைத் தட்டி எழுப்பிவிடும். உடம்பு முழுக்க நுண்ணிய நூல்களாக உறைந்து உறைந்து, உறைவதற்கான சரக்கே தீர்ந்துபோகும். அப்புறம்தான் ஈறில், சிறுநீரில் இரத்தம். இன்னொரு பக்கம் சுவர் கசியும்; நம் ஊர் விரியன் கடித்தவர்களின் கண் வெள்ளை நீர் கோத்து உப்புவதைப் பார்த்திருக்கிறேன். நாளத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே போவதால் பிரஷர் சரியும்.

சிறுநீரகம் இதற்கு வாகாக மாட்டுகிறது. இரண்டும் சேர்ந்து 300 கிராம்தான் எடை, ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்நாள முடிச்சுகள். முடிச்சில் வடிகட்டிய பிறகு அதே இரத்தம் மறுபடி பிரிந்து கீழே போய், சிறுநீரைப் பக்குவம் பண்ணும் நுண்குழல்களுக்குச் சோறு போடுகிறது. அண்ணன் சாப்பிட்ட பந்தியில் மிச்சத்தைத் தம்பி சாப்பிடுகிற குடும்பம். முதல் பந்தியில் நூல் சிக்கினால் இரண்டாவது பந்தி பட்டினி. உங்கள் அப்பாவுக்கு 11 நாள் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். நுண்குழல்கள் செத்தாலும் மறுபடி முளைக்கும், அதனால் தப்பினார்.

பிட்யூட்டரிக்கும் இதே பந்திதான். மண்டைக்குள் மூளையின் அடியில் தொங்கும் பட்டாணி அளவு சுரப்பி. அதன் முன்பாதி தன் இரத்தத்தில் பெரும்பகுதியை நேராக வாங்குவதில்லை. மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரு நுண்நாள வலை இருக்கிறது. அங்கிருந்து சிறு சிரைகள் வழியாக இறங்கிவரும், அழுத்தம் குறைந்த, மேலிடத்து உத்தரவுகளைச் சுமந்த இரத்தத்தில் அது வாழ்கிறது. உத்தரவும் சோறும் ஒரே வண்டியில் வருகின்றன. பிரஷர் சரிந்து, நூலும் கசிவும் சேர்ந்துகொண்டால் சுரப்பி அப்படியே கருகிவிடும், அல்லது உள்ளேயே இரத்தம் கசிந்து வீங்கும். பிரசவத்தில் இரத்தம் கொட்டிய தாய்மார்களுக்குப் பிட்யூட்டரி செத்துப்போவதை கிளாஸ்கோவில் ஷீஹன் என்ற டாக்டர் 1937-இல் விவரித்தார். பால் சுரக்காது, தீட்டு வராது. அதே கதி விரியன் கடியில் வருவதை நம் பர்மா நோயாளிகளை வைத்து டுன் பே, வாரல் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1987-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிலருக்குக் கடித்த உடனே, சிலருக்கு வருஷங்கள் கழித்துத் தெரியவரும். வயல்காட்டில் வேலை செய்யும் நம் ஜனங்களுக்கு இது தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆக ஊர் சொல்வது பாதி சரி. விஷம் உள்ளே இல்லை, அது போய் 3 வருஷம் ஆகிறது. அது எரித்துவிட்டுப் போன இடம்தான் இருக்கிறது.

டி.எஸ்.எச். நார்மல் என்றதில் ஏமாந்துபோகாதீர்கள். தைராய்டுக்குப் பிட்யூட்டரி போடுகிற உத்தரவுதான் டி.எஸ்.எச். பிட்யூட்டரியே படுத்திருக்கும்போது அது எழுதுகிற சீட்டை எப்படி நம்புவது? கூடவே ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன், காலை 8 மணி வாக்கில் கார்ட்டிசால், சோடியம், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோன் குறைந்திருந்தால் மருந்தாக ஈடுகட்டலாம். முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு, அது நிலைத்த பிறகு தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் ஆபத்து. தெருமுனை மருந்துக்கடையில் நீங்களாகத் தைராக்சின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனை முடிவதற்குள் அவருக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கார்ட்டிசால் இல்லாத உடம்பு அந்தச் சுமையைத் தாங்காது.

அம்மாவின் நேர்த்திக்கடன் அது பாட்டுக்கு இருக்கட்டும். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். கடித்த தேதி, டயாலிசிஸ் எத்தனை தரம், பிரஷர் எவ்வளவு இறங்கியது எல்லாம் அதில் இருக்கும். கிராமத்தில் கூரை இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள், கரையான் அரிப்பதற்குள் தேடிப் பாருங்கள்.