கல்லின் மேல் ஒரு வருடம்: தூண்டில் கேள்வி பதில்

சின்ன வயதிலிருந்து கைத்தூண்டில் போட்டவன்தான். ஆனால் போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரைதான், கடலுக்குப் போன ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தம் 64 நாள். அதில் 29 நாள் வெறுங்கை. நோட்டு இருக்கும் விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்த வரைக்கும் பதில் இதோ.

வெளிநாட்டு வீடியோக்களில் கடலுக்குள் நீளும் பாலத்தில் நின்று மீன் பிடிக்கிறார்களே, சென்னையில் அது எங்கே? (பெரம்பூர்)

இப்போது இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. சரக்கு இறக்குவதற்காக 1861-ல் கடலுக்குள் ஒரு பாலம் கட்டினார்கள். 1868, 1872 புயல்கள் அதை ஒரு வழி பண்ணிவிட்டன. அப்புறம் துறைமுகம் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் சுவர் மறித்துக்கொண்டது. மெரினா அகலமானது, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. அந்த அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கடலுக்குள் நீளமாகக் கொட்டிப் போட்டவைதான் தூண்டில் வளைவுகள். பெயரில் தூண்டில் இருப்பது வடிவத்துக்காக. நாங்கள் அதை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டோம். நமக்குப் பாலம் என்றால் அந்தக் கல்தான். துறைமுகச் சுவர்ப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அது பாதுகாப்புப் பகுதி. அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தின் மேலும் ஏற வேண்டாம். 1977-ல் உடைந்தது அதன் பிறகு உறுதியாகிவிடவில்லை.

எந்த ராட், எந்த ரீல் வாங்கலாம்? (அம்பத்தூர்)

ஒன்பது, பத்து அடி ராட் (தூண்டில் கம்பு), 4000 அளவு ரீல் (நரம்பு சுற்றும் சக்கரம்) போதும். கல்லில் உரசி அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் முனையில் கொஞ்சம் தடித்த தங்கூஸ் (நைலான் நரம்பு) கட்டுங்கள். தூண்டிலை மூழ்க வைக்கும் ஈயத்தை மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டினால், அது கல்லில் மாட்டும்போது ஈயம் மட்டும் போகும், தூண்டில் முள் தப்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நான் இரண்டு வாரம் சோம்பலாக இருந்தேன். மூன்றாவது வாரம் கைப்பிடி சுற்றவில்லை.

கடல் ஏற்றம் வற்றம் பார்க்க ஆப் வைத்திருக்கிறேன். அது சொல்கிற நேரத்துக்குப் போயும் மீன் இல்லையே? (வேளச்சேரி)

நானும் முதல் மூன்று மாதம் இப்படித்தான் ஏமாந்தேன். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், அமாவாசை பௌர்ணமியிலேயே ஒரு மீட்டர் சொச்சம்தான். நாளுக்கு இரண்டு ஏற்றம், அடுத்த நாள் ஐம்பது நிமிடம் போல தள்ளிப்போகும், அதெல்லாம் சரி. ஆனால் ஆப்பில் தெரியாத இரண்டு விஷயம் இருக்கின்றன: தண்ணீர் தெளிவா கலங்கலா, நீரோட்டம் இருக்கிறதா இல்லையா.

எங்கள் கல்லுக்கு வரும் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் ராட்டே கிடையாது. ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ், அவ்வளவுதான். வந்ததும் இறால் தலை ஒன்றைக் கிள்ளிக் கல்லோரம் போடுவார். அது நேராக இறங்கினால் உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார். பக்கவாட்டில் நழுவிப் போனால்தான் நரம்பை விடுவார். "ராட்ட அப்புறம் பிரி தம்பி, முதல்ல தண்ணியப் பாரு" என்று என்னிடம் சொன்னது ஏப்ரலில். என் 29 வெறுங்கை நாளில் 20 அதற்கு முந்தியவை.

எந்த மாதம் என்ன மீன் கிடைத்தது? (தண்டையார்பேட்டை)

நோட்டில் உள்ளபடி சொல்கிறேன்; உங்கள் கல்லில் வேறு மாதிரி இருக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் தெளிந்து, மணல் பக்கம் கிழங்கான் மீன். சின்ன முள், சுண்டுவிரல் நகமளவு இறால் துண்டு. இரையைப் பெரிதாக மாட்டினால் கீச்சான் மீன் வந்து கொறித்துவிட்டுப் போகும். மே மாதம் காலை ஏழரைக்கு மேல் கல் சுடும், உட்கார முடியாது. ஜூலை, ஆகஸ்டில் கச்சான் (மேற்குக் காற்று) வீசும் விடியலில் கடல் தட்டையாகக் கிடக்கும். கல் முனையில் சின்ன மீன் திடீரென்று மழை பெய்கிற மாதிரி துள்ளும். கீழே பாரையோ ஷீலாவோ துரத்துகிறது என்று அர்த்தம். அதற்கு இறால் வேண்டாம், பளபளக்கும் லூர் (போலி இரை) போதும். அந்தக் காட்சி இரண்டு நிமிடம்தான். முதல் தடவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அக்டோபர் மழைக்கு ஆற்று வாய்கள் திறந்ததும் எல்லாருக்கும் கொடுவா மீன் கனவு. எனக்கு ஒன்றே ஒன்று, முக்கால் கிலோ. நவம்பர் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வரி: "போகவில்லை. அலை."

61 நாள் தடைக்காலம் நமக்கும் உண்டா? (எண்ணூர்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுபவரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சினையோடு வந்ததைத் திருப்பி விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வது? (கொளத்தூர்)

எனக்கே குத்தியது, ஜூன் மாதம், வலது உள்ளங்கையில். தூண்டில் முள்ளிலிருந்து மீனைக் கழற்றும் அவசரத்தில் துணி இல்லாமல் பிடித்தேன். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். பத்து நிமிடத்தில் வலி தோள்வரை ஏறியது. ஒருவர் மஞ்சள் வை என்றார், இன்னொருவர் பெட்ரோல் ஊற்று என்றார். வலிக்குக் கேட்டது டீக்கடைக்காரரின் சுடுதண்ணீர்தான். கை தாங்குகிற சூட்டில், ஆற ஆற மாற்றி, முக்கால் மணி நேரம் முக்கி வைத்தேன், வலி இறங்கியது. மற்ற கையால் சூட்டைப் பார்த்துவிட்டு முக்குங்கள், இல்லாவிட்டால் வெந்துவிடும். அப்புறம் டாக்டரிடம் போய் டெட்டனஸ் ஊசி. திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம்தான். காயம் ஆழமானால் நேரே ஆஸ்பத்திரி.

பேத்தை மீனைச் சுத்தம் செய்து சாப்பிடலாமா?

கூடாது. வேக வைத்தாலும் அதன் விஷம் போகாது. பந்து மாதிரி ஊதும், பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

கூவம் முகத்தில் பிடித்ததைச் சாப்பிடுவீர்களா? (சிந்தாதிரிப்பேட்டை)

மாட்டேன். எண்ணூர்க் கழிமுகத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்த பிறகு அங்கே பிடிப்பதை விட்டுவிட்டேன். அங்கே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அப்படி விட்டுவிட வழியில்லை.

நரம்பில் ஆமை சிக்கினால்? (திருவான்மியூர்)

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். எனக்கு ஒரு தடவை நரம்பு ஆமையின் துடுப்பில் சுற்றிக்கொண்டது. இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்தி, கிட்ட வந்ததும் உடம்போடு ஒட்டி வெட்டி விடுங்கள். சட்டம் காக்கிற உயிர், கரையில் தூக்கி வைத்துப் படம் எடுப்பதெல்லாம் வேண்டாம். அறுந்த தங்கூஸைக் கல்லில் போடாமல் பையில் எடுத்து வாருங்கள்.

நானும் என் மகளும் வரலாமா அண்ணா? பெண்கள் வருவார்களா? (வியாசர்பாடி)

வருகிறார்கள்மா, குறைவாக. உண்மையைச் சொன்னால் அங்கே கழிப்பறை கிடையாது, நிழல் கிடையாது. காலை ஆறிலிருந்து எட்டு வரை வந்துவிட்டுக் கிளம்புங்கள். மகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பாசி படிந்த பச்சைக் கல்லில் கால் வைக்க விடாதீர்கள். கிளம்பும் முன் இன்காய்ஸ் (கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையம்) அலை எச்சரிக்கை ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த வருடம் புதிதாக என்ன வாங்கப் போகிறீர்கள்? (பெரம்பூர், மறுபடியும்)

கல்லில் வழுக்காத செருப்பு. அப்புறம் இன்னொரு நோட்டு. பழையதில் பாதிப் பக்கம் இறால் நாற்றம், வீட்டில் உள்ளே வைக்க விட மாட்டேன் என்கிறார்கள்.