டைட்டானிக் மூழ்கியதை எந்தத் திரைப்படம் உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுகிறது?

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கிய டைட்டானிக் பற்றிய படங்களில் எது நம்பகமானது என்ற கேள்விக்கு, கப்பலைப் பொறுத்தவரை ஜேம்ஸ் கேமரூனின் 1997 படம், மனிதர்களைப் பொறுத்தவரை 1958-இல் வந்த பிரிட்டிஷ் படமான 'எ நைட் டு ரிமெம்பர்' என்று பிரித்துச் சொல்வதே பொருந்தும்.

1958 படத்தில் கப்பல் உடையாமல் முழுதாகவே மூழ்குகிறது. கப்பல் பிளந்ததாகப் பிழைத்தவர்கள் சிலர் சாட்சி சொல்லியிருந்தும், பிரிட்டிஷ் விசாரணை அதை ஏற்கவில்லை. 1985-இல் கடலடியில் சிதைவுகள் இரு பெரும் பகுதிகளாகக் கண்டெடுக்கப்பட்ட பிறகே ஐயம் நீங்கியது. கேமரூன் அந்தப் பிளவைக் காட்சியாக்கினார்.

ஆனால், கப்பலின் நான்காம் அதிகாரியாக இருந்து உயிர்பிழைத்த ஜோசப் பாக்ஸ்ஹாலே ஆலோசகராக இருந்த 1958 படம், அருகில் நின்றும் உதவிக்கு வராத கலிபோர்னியன் கப்பலுக்கு உரிய இடம் தருகிறது. 1997 படமோ கற்பனைக் காதலர்களைப் பின்தொடர்வதால் அதை ஏறக்குறைய விட்டுவிடுகிறது. மேலும், முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணிகளைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொள்வதாக அது காட்டியதற்கு உறுதியான சான்று இல்லை. அவருடைய சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் டால்பீட்டியில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் படநிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இறந்தவர் மறுத்துப் பேச இயலாதபோது இத்தகைய புனைவு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

1943-இன் ஜெர்மன் படம் வெறும் நாஜிப் பரப்புரை. நேர்மையான அதிகாரியாக அதில் வருபவர், கப்பலில் இருந்தேயிராத ஒரு கற்பனை ஜெர்மானியர்.