ரஷ்யாவின் சோச்சி நகரில் 2014-ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் 25 ரூபிள் நாணயம் வைத்திருக்கிறேன், நல்ல விலைக்குப் போகுமா?

போகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "இந்தக் காசு இருந்தா நீங்க லட்சாதிபதி" வகை வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதே ஆசையோடு அலைகிறவர்கள் ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே உண்டு.

எனக்கும் இது ஒன்று வந்து சேர்ந்தது. சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கருங்கடல் பக்கம் நோவோரோசிஸ்க் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஏதோ கடையில் மீதிச் சில்லறையோடு வந்ததாம். பளபளப்பைப் பார்த்து வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள், செம்பும் நிக்கலும் கலந்தது, எடை 10 கிராம், குறுக்களவு 27 மில்லிமீட்டர். வெள்ளியிலும் தங்கத்திலும் சோச்சி நாணயங்கள் வந்தன, ஆனால் அவை தனி, சில்லறையாகக் கைக்கு வராது. 25 ரூபிளில் ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, மறுபக்கம் மலைமுகடு, அல்லது போட்டியின் சின்னங்களான சிறுத்தை, பனிக்கரடி, முயல் மூன்றும், அல்லது ஒலிம்பிக் தீபம், அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கின் சின்னப் பொம்மைகள். எல்லாமே லட்சக்கணக்கில் அடித்தவை. அப்புறம் 2013-ல் 100 ரூபிள் நினைவு நோட்டு ஒன்றும் விட்டார்கள், செங்குத்தாக, பனிச்சறுக்குக்காரர் படத்தோடு. அதுவே 2 கோடி நோட்டு அடித்தார்கள்! பாரிமுனையில் பழைய காசு வாங்குகிற ஒருவரிடம் என் நாணயத்தைக் காட்டினேன், பேசாமல் வெளிநாட்டுச் சில்லறை நிரம்பிய டப்பா ஒன்றை என் பக்கம் தள்ளினார். சரி, விலை புரிந்துவிட்டது.

ஆனாலும் நான் கொடுக்க மாட்டேன். பனியே பார்க்காத ஊர்க்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், அந்தப் போட்டியில் நம் ஆட்கள் பட்ட பாடு இருக்கிறது. நிர்வாகிகள் தேர்தல் தகராறில் 2012 டிசம்பரிலேயே இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு இடைநீக்கம் செய்துவிட்டது. அதனால் 2014 பிப்ரவரி 7 தொடக்க விழாவில் சிவா கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் என்று நம் வீரர்கள் மூன்று பேரும் மூவர்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். தடை நீங்கியது 11-ஆம் தேதி. மற்ற இருவரும் அதன்பிறகு இந்தியாவின் பெயரில் இறங்கினார்கள், கேசவனின் லூஜ் பந்தயமோ (சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து பனிக்கட்டிப் பாதையில் பாய்வது) 9-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 1998 நாகானோவிலிருந்து ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டுவந்த மனுஷர் அவர்! யாரோ நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, தண்டனை பனிப்பாதையில் உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கு. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிற பிள்ளைகளிடம் நாணயத்தைக் காட்டி இதைத்தான் சொல்வேன், விலையைக் கேட்டவர்கள் கூட அதோடு கதைக்கு வந்துவிடுவார்கள்.

உங்களுடையது வண்ணம் பூசி அட்டையில் அடைத்த வகை என்றால் பிரிக்காமல் வைத்திருங்கள், சாதாரணக் காசை விடக் கொஞ்சம் கூடப் போகும். பிரித்துவிட்டீர்கள் என்றால் புளியும் சபீனாவும் போட்டுத் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம், கீறல் விழுந்த காசைச் சேகரிப்பாளர்கள் தொடக்கூட மாட்டார்கள். எங்களைப் போலக் கடல் காற்று அடிக்கிற வீடு என்றால் வெறும் கையால் தொடாமல், பிவிசி பிளாஸ்டிக் கலக்காத உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் மூடி வையுங்கள்.